மேலே போனதும் மடங்குகிற கை

இடுப்பு உயரம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சங்கரநயினார் ஏழாம் நம்பர் கோல்ஃப் கிளப்பைப் பின்னால் எடுத்தார், அவசரமில்லாமல், தோளும் கையும் சேர்ந்தாற்போல, இடது கை நீட்டினபடி, கிளப்பின் தலை பச்சைப் பாயை உரசினாற்போல நகர்ந்து முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தபோது குச்சி தரைக்குச் சமமாக, பந்து போகவேண்டிய திசைக்கு நேராக நின்றது; இந்த இடம் வரைக்கும் கோச் பெஞ்சமினே வந்தாலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது, இடுப்போடு முடிந்துபோகிற ஒரு கோல்ஃப் இருந்திருந்தால் சங்கரநயினார் அதில் தமிழ்நாட்டுக்கே விளையாடியிருப்பார். அதற்கு மேலேதான் வினை. இடுப்பைத் தாண்டியதும் குச்சி முதுகுப் பக்கமாகச் சரிந்தது, சரிகிறது என்று தெரிந்தது, தெரிந்ததும் தூக்கினார், தூக்கினால் மணிக்கட்டு மடங்கும் என்பதும் தெரியும், மடக்காதே மடக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடங்கியது, கடிகாரப் பட்டைக்குள் செருகியிருந்த ஸ்கேல் புறங்கையில் சுருக்கென்று குத்தியது, குத்தின கோபத்தோடு கிளப் இறங்கிப் பந்தைத் தொடுமுன் பாயை அடித்தது, பந்து எதிரே கட்டியிருந்த வலைக்குள் போகாமல் வலையின் இரும்புக் காலில் ணங்கென்று மோதித் திரும்பி உருண்டு வந்து அவருடைய ஷூவுக்குப் பக்கத்திலேயே நின்றது. "எடுத்துட்டியா?" என்று கேட்டார். "எடுத்தாச்சு," என்றாள் கோமதி. அவருக்கு வலப்புறம் பத்தடி தள்ளி, தண்ணீர்த் தொட்டி நிழலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, செல்போனை இரண்டு கையாலும் பிடித்தபடி அவருடைய மனைவி நின்றிருந்தாள். "என்னங்க, சுபாகிட்ட இன்னிக்குச் சொல்லியாகணும். ஒண்ணா, ரெண்டா?" என்றாள். "முதல்ல இதப் பாப்போம்," என்று போனுக்குக் கையை நீட்டினார்.

ஒன்றா இரண்டா என்றால் டிக்கெட். மெல்போர்னில் இருக்கும் மகள் சுபாஷிணிக்கு அடுத்த மாதம் பிரசவம், கோமதி ஆறு மாதம் அங்கே போய் இருப்பது என்று எப்போதோ முடிவாகிவிட்டது, அவர் கூடப் போகிறாரா இல்லையா என்பது மட்டும் மூன்று வாரமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்கும்போதெல்லாம் அவர் சொல்கிற பதில், பெஞ்சமின் கோர்ஸ் பாதியில் இருக்கிறது என்பதுதான். போனில் அந்த ஆள் மறுபடி கிளப்பைத் தூக்கினான். தன்னைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது சங்கரநயினாருக்கு இன்னும் பழகவில்லை. கண்ணாடியில் தெரிகிற கனவான் ஒருவர், போனில் தெரிகிற இந்த ஆள் வேறொருவர், பேன்ட் தொளதொளக்க, பஸ்ஸில் ஏறலாமா அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாமா என்று யோசிக்கிறவன் மாதிரி முட்டி வளைத்து நிற்கிறான். மெதுவாக ஓட்டினார். நிறுத்தினார். விரலால் பெரிதாக்கினார். மணிக்கட்டு, அதோ, கிண்ணம் மாதிரி குழிந்து, அதில் அரை ஆழாக்கு எண்ணெய் ஊற்றினால் கொட்டாமல் நிற்கும். உரக் கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருந்தவரின் மணிக்கட்டு. அங்கேதான் இந்த விளையாட்டுக்கு வந்தார், ஆசைப்பட்டு இல்லை, சேர்மனுக்குக் கோல்ஃப் பிடிக்கும் என்பதால் ஜெனரல் மேனேஜர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. விளையாட்டில் அவர் முதலில் கற்றுக்கொண்டது கிளப்பைப் பிடிப்பதை இல்லை, "அருமை சார்" என்று சொல்வதை. அதைப் பந்து கிளம்பின உடனே சொல்லக்கூடாது, அது எங்கே விழுகிறது என்று தெரிந்தபிறகும் சொல்லக்கூடாது, நடுவில் ஒரு நொடி இருக்கிறது, அந்த நொடியில் சேர்மன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருஷம் மோசமாக ஆடினார், யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, கீழே இருக்கிறவன் மோசமாக ஆடுவதுதானே மரியாதை. ஓய்வுபெற்றபின்தான் தெரிந்தது அவர் மரியாதைக்காக அப்படி ஆடவில்லை என்பது. காது மூக்கு தொண்டை டாக்டர் ரங்கபாஷ்யம் ஒரு நாலு பேர் கூட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார், அங்கே தோற்கவேண்டிய சேர்மன் யாரும் இல்லை, ஆனாலும் பந்து முன்போலவே புதருக்குள் போயிற்று. மூன்று பேரும் நல்லவர்கள், புதருக்குள் வந்து கூடவே தேடுவார்கள், முள் குத்தும், பேசாமல் தேடுவார்கள். போன மாதம் டாக்டர் அவர் தோளில் கை போட்டு, நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுகிற குரலில், "சங்கர், ஒரு ரெண்டு மாசம் ஸ்விங்கைச் சரி பண்ணிட்டு வாங்களேன். நாங்க எங்கயும் ஓடிடமாட்டோம்," என்றார். ஓடவில்லைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பல் டாக்டரைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள், அவன் நேராக அடிக்கிறானாம்.

"வெயில் ஏறுது," என்றாள் கோமதி. "இன்னும் ரெண்டே ரெண்டு," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்தை வைத்தார். ஆதம்பாக்கத்தில் நாலு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி, ஒரு பக்கம் வலை, ஒரு பக்கம் தொட்டி, நடுவே ஒரு செங்கல்லில் கட்டித் தொட்டிக் குழாய்க்கு ஏறுமுகமாக இழுத்துவிட்ட கயிறு. கோமதியின் கொடிக்கயிற்றில் பாதியை வெட்டி எடுத்தது அது, அதைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. பெஞ்சமின் சொன்ன வைத்தியம். பெஞ்சமினுக்கு வயது முப்பத்திரண்டுதான், ஆனால் அவன் வலைக்கூண்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று பேசாமல் பார்க்கும்போது சங்கரநயினாருக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். "சார், உங்களுக்கு ரெண்டு பிரச்சினை. பேக்ஸ்விங்ல, பின்னால எடுக்கும்போது, கிளப் ரொம்பப் படுத்துக்கிட்டு உங்க முதுகுக்குப் பின்னாடி போகுது, திருடின பொருளை ஒளிக்கிற மாதிரி. அது ஒண்ணு. அங்கிருந்து காப்பாத்துறேன்னு மேல தூக்கும்போது மணிக்கட்டு பின்பக்கமா மடங்குது. அது ரெண்டு. கிளப் போறதுக்கு ஒரு சாய்வு இருக்கு சார், ஓட்டுக்கூரை சாய்வு மாதிரி. அதுலயே ஏறணும், அதுலயே இறங்கணும்." கயிறு அந்தச் சாய்வுக்கு, கீழே போனால் கயிற்றில் இடிக்கும், ஸ்கேல் மணிக்கட்டுக்கு, மடங்கினால் குத்தும். இரண்டு காவல் போட்டும் திருடன் உள்ளே வந்து போய்க்கொண்டுதான் இருந்தான். படுக்காதே என்று நினைத்தால் தேங்காய் உடைக்கிறவன் மாதிரி செங்குத்தாகத் தூக்கினார், தூக்காதே என்று நினைத்தால் பாய் சுருட்டுகிறவன் மாதிரி படுத்தது, மணிக்கட்டை நினைத்தால் சாய்வு மறந்தது, சாய்வை நினைத்தால் மூச்சு விட மறந்தது. உடம்பில் இத்தனை மூட்டு எதற்கு என்று இருந்தது. கட்டை மாதிரி ஒரே உருப்படியாகப் படைத்திருந்தால் இந்நேரம் நாலு பேர் கூட்டத்தில் இருந்திருக்கலாம், பல் டாக்டர் பல் பிடுங்கிக்கொண்டிருந்திருப்பான்.

பாதம் இரண்டையும் அகட்டி வைத்தார். முட்டியை வளைத்தார். மெல்போர்னிலும் இப்படித்தான், போன தடவை, பாத்திரம் கழுவுகிற மிஷினுக்கு முன்னால் முட்டியை வளைத்துக்கொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார், வீட்டுக்கு ஏதாவது உதவியாக இருக்கட்டும் என்று, பெரிய தட்டு பின்னால், சின்னத் தட்டு முன்னால், அழகாக வந்திருந்தது, மாப்பிள்ளை நிரஞ்சன் வந்தான், "தேங்க்ஸ் மாமா" என்று சிரித்தான், நல்ல பையன், சிரித்துக்கொண்டே எல்லாத் தட்டையும் வெளியே எடுத்து மறுபடி முதலிலிருந்து அடுக்கினான். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் குளியலறையில் திரைச்சீலையைத் தொட்டிக்குள்ளே விடவேண்டும் என்று தெரியாமல் வெளியே விட்டுக் குளித்து, தண்ணீர் ஹால் கம்பளம் வரைக்கும் போய், அதற்கும் யாரும் திட்டவில்லை, சுபா மட்டும், "அப்பா, நீங்க உக்காருங்கப்பா," என்றாள். உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது, தெருவில் யாருமில்லை. நடக்கப் போனால் எல்லா வீடும் ஒரே வீடு. ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அவரைவிட ஐந்து வயதாவது குறைந்தவள், வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டாள், இல்லை என்றார், தவறித்தான் இருந்தார். திரும்பவும் ஆறு மாதமா? இந்தத் தடவை கைக்குழந்தை வேறு, தூக்கத் தெரியாது, சுபாவைத் தூக்கின ஞாபகம் இருக்கிறது, உடனே கோமதியிடம் கொடுத்த ஞாபகமும் இருக்கிறது. போகாமல் இங்கேயே இருந்தால்? ஒன்று என்று சொல்லிவிட்டால்? இருக்கலாம், ராஜாவாக, காலையில் இங்கே, மத்தியானம் பெஞ்சமின், ராத்திரி ஹோட்டலில் இட்லி. ஆனால் ஹீட்டர் சுவிட்சு எது, மேலிருந்து மூன்றாவதா, அது பால்கனி விளக்கா, அதைப் போட்டால் கோமதி அங்கிருந்து, "அது இல்ல," என்பாளே, எங்கிருந்து எப்படித்தான் தெரியுமோ. சிலிண்டர் மாற்றுவது? பிரஷர் மாத்திரை காலையா ராத்திரியா? வெள்ளையா மஞ்சளா? குளியலறையில் வழுக்கினால் யாருக்குத் தெரியும், மொட்டை மாடியில் வழுக்கினால் யாருக்குத் தெரியும், தொட்டியைப் பார்க்க அசோசியேஷன் செக்ரட்டரி வரும்போது தெரியும், அவர் மாதம் ஒரு தடவைதான் வருவார், வந்ததும் முதலில் இந்த வலைக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்பார். அப்புறம் யார் படமெடுப்பது? படமெடுக்காவிட்டால் மடங்கினது எப்படித் தெரியும்? ஸ்கேல் குத்துமே. குத்தினது நிஜமாகக் குத்தினதா என்று யாரைக் கேட்பது?

தலைக்கு மேலே விமானம் ஒன்று ஏறியது, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, வயிற்றைக் காட்டிக்கொண்டு, சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே. சத்தம் அடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள், இந்த வீட்டில் பேச்சின் நடுவே அப்படி நிற்பது பழக்கம். "அடிங்க," என்றாள் கோமதி சத்தம் போனதும். எடுத்தார். இடுப்பு வரை தங்கம். மேலே. கயிற்றுக்குக் கீழே போகக்கூடாது, போகக்கூடாது, போய்விட்டது, கிளப் கயிற்றை இழுத்து அடித்ததில் கயிறு வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்து செங்கல் ஒரு தடவை துள்ளி விழுந்தது, மீதிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோமதியின் உள்பாவாடை பயந்ததுபோல ஆடியது. "துணி," என்றாள் அவள். "பாத்தேன்," என்றார் அவர். "மடங்குச்சா?" "மடங்குச்சு." "ரொம்பவா?" "எப்பவும் போல." எப்பவும் போல என்றால் நல்லதா கெட்டதா, அவள் முகத்தைப் பார்த்தார், போனுக்குப் பின்னால் பாதி முகம்தான் தெரிந்தது, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கிரிப் இறுக்கமாக இருக்கிறது, அதுதான் காரணம். பெஞ்சமின் சொல்லியிருக்கிறான், சின்னக் குருவியைப் பிடித்த மாதிரி பிடிக்கணும், நசுங்கவும் கூடாது, பறக்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் தசை எல்லாம் விறைக்கும், விறைத்த மணிக்கட்டு சொன்னபடி கேட்காது. சரி, குருவி. விரல்களைத் தளர்த்தினார், இன்னும் கொஞ்சம், தோள் இறங்கியது, ஆகா, இவ்வளவு நாளும் ஆகாயத்தையே பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தோமா என்று தோன்றியது, இன்னும் கொஞ்சம், எடுத்தார், இடுப்பு, மேலே, ஸ்கேல் குத்தவில்லை, குத்தவே இல்லை, அந்த ஆனந்தத்தில் முழு வேகத்தில் இறங்கினார், குருவி பறந்துவிட்டது. கையில் ஒன்றுமில்லை. கிளப் சுழன்றுகொண்டே வெயிலில் ஒரு தடவை மின்னி, வலைக்கு மேலே போய், எதிர்மூலையில் இருந்த இன்னொரு பிளாஸ்டிக் தொட்டியின் வயிற்றில் டொம்மென்று மோதியது. பாதி காலியான தொட்டி, கோயில் முரசு மாதிரி கட்டடம் முழுக்கக் கேட்க அதிர்ந்தது.

கீழே எந்த மாடியிலிருந்தோ ஒரு ஜன்னல் திறந்து, "மேல யாரு?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. சங்கரநயினாரும் கோமதியும் ஒரே நேரத்தில் தொட்டிக்குப் பின்னால் குனிந்தார்கள். யார் சொல்லியும் இல்லை. அறுபத்து நாலு வயது, அறுபது வயது, முட்டி நாலும் கடகடவென்றது. "யாருங்க மேல?" என்றது குரல் மறுபடி. கோமதி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது, முதலில் அவருக்கு அழுகிறாளோ என்று பயமாக இருந்தது, குனிந்து பார்த்தால் சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, சத்தமில்லாத சிரிப்பு, சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போய்ச் செருப்பு மாறிப்போட்டு வந்த வருஷம் இப்படிச் சிரித்தாள், அப்புறம் எப்போது? அந்தக் கோயில் சாமி பேரும் அம்மன் பேருமாகச் சங்கரநயினாருக்குக் கோமதி என்று பெண் அமைந்ததே தெய்வப் பொருத்தம் என்று கல்யாண வீட்டில் ஊரே பேசினது, தெய்வத்துக்குக் கோல்ஃப் தெரியாது, தப்பித்தது. ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளை விட்டுவிட்டு ஆறு மாதம் எப்படி இருப்பது, இத்தனை பெரிய பெட்டியை இவள் எப்படித் தூக்குவாள், சிங்கப்பூரில் விமானம் மாறவேண்டுமே, முட்டி வலிக்குமே, அந்தத் தட்டு அடுக்குகிற மிஷின் என்ன பெரிய மிஷின், மறுபடி அடுக்கினால் அடுக்கிவிட்டுப் போகிறான், தேங்க்ஸ் மாமா என்றால் பரவாயில்லை மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், ரங்கபாஷ்யம் பல் டாக்டரையே கட்டிக்கொண்டு அழட்டும். நெஞ்சு விம்மியது. இப்படியொரு தியாகத்தைச் செய்யும் ஆள் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாமல் சாதாரணமாகவே வைத்துக்கொண்டு, "ரெண்டு போட்டுடு," என்றார்.

கோமதியின் சிரிப்பு நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், ஒரு கண், பிறகு இன்னொரு கண், துடைக்கவேண்டியதைவிட நேரம் எடுத்துத் துடைத்தாள். "நேத்தே ஒண்ணு போட்டாச்சு," என்றாள். அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "ஒண்ணு போட்டாச்சு, சரி, இன்னொண்ணு போடணும், அதத்தானே சொல்றேன்." "இல்லங்க. ஒண்ணு போதும்னுதான் ஒண்ணு போட்டேன்." "பின்ன இப்ப ஒண்ணா ரெண்டான்னு கேட்டே?" "நீங்க ஒண்ணுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுக் கேட்டேன். மூணு வாரமா அதத்தானே சொல்ல வாரீங்க, சொல்ல மாட்டேங்கீங்க." தொட்டி நிழலில் குனிந்தே இருந்தார்கள், நிமிர்வதற்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு முதலில் வந்தது அப்பாடா என்பதுதான், மெல்போர்ன் இல்லை, தட்டு இல்லை, கம்பளம் இல்லை, அந்த அப்பாடா முழுதாக வெளியே வருவதற்குள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது, வேண்டாமாம், என்னை வேண்டாமாம், முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, ஆட்டத்தில் நாலாவது ஆளாகக்கூட வேண்டாமென்றார்கள், வீட்டில் இரண்டாவது ஆளாகவும் வேண்டாமென்றால் மனிதன் எந்த ஆளாகத்தான் இருப்பது. "ஏன்?" என்றார். அவர் கேட்க நினைத்த குரலில் அது வரவில்லை. "கோவப்படக்கூடாது," என்றாள். "படல." "போன தடவ அங்க போய் நான் சுபாகூட உக்காந்து நாலு வார்த்த பேசல, தெரியுமா? எங்க திரும்பினாலும் நீங்க நிக்கீங்க. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு. நான் சிரிச்சா நீங்களும் சிரிக்கீங்க, நான் பேசாம இருந்தா நீங்க தப்பு ஏதோ செஞ்சுட்ட மாதிரி நிக்கீங்க. இந்தத் தடவ பச்சப்பிள்ளைய நான் பாக்கணுங்க. உங்க மூஞ்சிக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது."

"நான் எப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்?" என்று கேட்டார், அவள் முகத்தைப் பார்த்து. கோமதி போனை எடுத்து, விரலால் தள்ளி, இந்தாங்க என்று நீட்டினாள். "மணிக்கட்டைப் பாக்காதீங்க. மேல பாருங்க. மூஞ்சியப் பாருங்க." இன்று காலை எடுத்த முதல் படம். ஆள் கிளப்பைத் தூக்குகிறான், இடுப்பு வரை குனிந்து பந்தைப் பார்க்கிறான், இடுப்புக்கு மேலே போனதும், அவர் நிறுத்தினார், பெரிதாக்கினார், அந்த ஆள் பந்தைப் பார்க்கவில்லை. தலை வலப்புறம் திரும்பி, புருவம் இரண்டும் ஏறி, வாய் லேசாகத் திறந்து, நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், அதாவது கோமதியை. சரியா, என்று கேட்டுக்கொண்டிருந்தான். தலை திரும்பினதும் தோள் எழும்புகிறது, தோளோடு கை எழும்புகிறது, மணிக்கட்டு மடங்குகிறது. அடுத்த படம், அதிலும். போன வாரத்துப் படம், நீலச் சட்டை, அதிலும். போன மாதம், பெஞ்சமின் எடுத்தது, அதில் பெஞ்சமினைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை நாள் இந்தப் படங்களை இருநூறு தடவையாவது நிறுத்திப் பார்த்திருக்கிறார், கழுத்துக்கு மேலே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "இது எத்தன நாளா?" என்றார். "எது?" "இது." "சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு நீங்க சாப்பிட்டுட்டு என்னக் கேக்கீங்க," என்றாள் கோமதி, "அது எத்தன நாளோ, அத்தன நாளா." சேர்மன் முகம், அந்த ஒரு நொடி, அதைப் பிடிப்பதில் கம்பெனியிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பெருமையாக இருந்ததே, அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வாத்தியார் கண்ணைப் பார்த்து விடையை மாற்றி எழுதினது, தன் கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் மட்டும் மாமனாரைப் பார்க்கிற படம், சிரித்து, கேலி பண்ணி, மறந்துபோனது. எத்தனை முகம். ஒரு முகத்திலாவது ஒரு பதிலாவது எழுதியிருந்ததா என்றால், ஞாபகமில்லை. "பெஞ்சமின் இதச் சொல்லல," என்றார் கடைசியில், புகார் மாதிரி. "அவரு கையப் பாக்காரு," என்றாள் அவள். "நீ ஏன் முன்னாலேயே சொல்லல?" "நீங்க கை மடங்குச்சான்னுதான கேட்டீங்க. மடங்குச்சுன்னு சொன்னேன்."

அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள், அவருக்கும் கை கொடுத்தாள், கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். "ஆறு மாசம்," என்றார். "மூணாவது மாசம் வேணா வாங்க," என்றாள் அவள். "தனியா வாங்க. டிக்கெட் நீங்களே போட்டு, பெட்டி நீங்களே கட்டி, சிங்கப்பூர்ல இறங்கி ஏறி, வந்து நில்லுங்க. நான் ஏர்போர்ட்டுக்கு வாரேன்." தனியாகவா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். ஹீட்டர் சுவிட்சு எது என்று கேட்கத் தோன்றியது, அதையும். கிளப் எதிர்மூலையில் கிடந்தது, போய் எடுத்துவந்தார், தொட்டியில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது, கழுத்து மட்டத்தில், பார்த்தால் தெரியும், செக்ரட்டரி வந்தால் பேசிக்கொள்ளலாம். பந்தை வைத்தார். பக்கவாட்டில் கோமதி போனைத் தூக்கிப் பிடித்தாள், என்ன நினைத்தாளோ, இறக்கினாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் திரும்பி நின்னுக்கிடுதேன்," என்றாள். "நீங்க அடிங்க." திரும்பி நின்றுகொண்டாள். அவள் முதுகை அவர் இத்தனை நேரம் நின்று பார்த்ததில்லை, முந்தானை சரிந்த கழுத்தில் வியர்வை, ஜாக்கெட்டில் குத்தின சேஃப்டி பின், நரைத்த கொண்டை, அது சந்தோஷமாக இருக்கிறதா வருத்தமாக இருக்கிறதா என்று கொண்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், பரங்கிமலையாக இருக்கலாம். அவர் தலையைக் குனிந்து பந்தைப் பார்த்தார். பந்தின் மேல் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு துளி நிழல். இதற்கு முன்னால் இதை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறோமா என்று தோன்றியது, தோன்றியது போயிற்று. எடுத்தார். இடுப்பு. இடுப்புக்கு மேலே பயமாக இருந்தது, நல்ல வெளிச்சத்தில் ஆளில்லாத அறைக்குள் நுழைவது போன்ற பயம், தலை வலப்புறம் திரும்ப ஒரு தடவை துடித்தது, அங்கே முகம் இல்லை என்று அதற்கே தெரிந்து பந்திடமே திரும்பி வந்தது. ஸ்கேல் புறங்கையில் சாதுவாகப் படிந்து கிடந்தது. கயிறு அசையவில்லை. கிளப் இறங்கியது.

சத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு டக், அவ்வளவுதான், கையில் எந்த அதிர்ச்சியும் வரவில்லை, கையே அடிக்காதது மாதிரி இருந்தது, வலையின் நடுமையம் மட்டும் ஓர் ஆள் ஆழத்துக்கு உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. சங்கரநயினார் கிளப்பைத் தோளுக்கு மேலே நிறுத்தினபடியே நின்றார். எப்படி இருந்துச்சு என்பது நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது. அதை அங்கேயே உட்காரவிட்டார். வலை ஆடி அடங்கியது. தூரத்தில் அடுத்த விமானம் கிளம்புகிற இரைச்சல் கேட்கத் தொடங்கியது. கோமதி காத்திருந்தாள், அவர் ஏதாவது கேட்பார் என்று, கேட்காமல் இருக்கவும் அவள் தோள் கொஞ்சம் அசைந்தது.

"என்னங்க, போச்சா?" என்று கேட்டாள்.

"திரும்பாதே," என்றார் சங்கரநயினார், அடுத்த பந்தைக் காலால் இழுத்து வைத்துக்கொண்டே. "இன்னும் ஒண்ணு."